அண்ணல் அம்பேத்கரின் கல்விக்குப் பொருள் வந்த வழி

திருப்பத்தூரும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் கடன் என்னும் சொல்லை நன்கு அறிந்தவை. இச்சீமையிலிருந்து கொண்டுவிக்கச் சென்ற நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டிக்கடை நடத்தினர். ஐராவதி ஆற்றின் முகத்துவாரத்து நெல்வயல்கள் பலவும் அவர்தம் கடனால் விளைந்தவையே. ஆயினும் கடன் என்பது எக்காலத்தும் பிணையத்தின்மேல் நிற்பது. நிலமுடையவனுக்கு நிலம் பிணையம். நகையுடையவனுக்கு நகை பிணையம். இவ்விரண்டும் இல்லாத வீட்டில் பிறந்த பிள்ளை எத்துணை அறிவுடையதாயினும், அவ்வறிவைப் பிணையமாக ஏற்றுப் பணம் தருவார் அரியர்.

அத்தகைய வீட்டில் பிறந்த ஒருவர் கடல் கடந்து சென்று, இரு கண்டங்களில் பயின்று, இரு பல்கலைக்கழகங்களின் உயர் பட்டங்களைப் பெற்றார். அவரே அண்ணல் அம்பேத்கர். அவருடைய பட்டங்களை நம் மாணவர்கள் வரிசையாகச் சொல்லுவர். அப்பட்டங்களுக்கு வேண்டிய பொருள் எங்கிருந்து வந்தது, எப்போது நின்றது, நின்றபோது அவர் யாது செய்தார் என்பதைச் சொல்லுவார் குறைவு. ஒரு கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் எழுதத் தக்கது இதுவே எனக் கருதி எழுதுகின்றோம்.

அண்ணல் 1891 ஏப்ரல் 14-இல் மாவ் என்னும் படைநகரில் பிறந்தார். தந்தையார் இராம்ஜி சக்பால் படையில் சுபேதார் நிலைக்கு உயர்ந்து ஓய்வு பெற்றவர். பெரிய குடும்பம், சிறிய ஓய்வூதியம். பம்பாயில் தொழிலாளர் வாழும் பரேல் பகுதியில் ஒற்றை அறையில் குடியிருந்து எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற மகன், பாடநூலோடு நில்லாமல் வேறு நூல்களையும் கேட்டுக்கொண்டே இருந்தார். கையில் காசில்லாதபோது, மணமாகிச் சென்ற தம் பெண்மக்களிடம் நகையை இரவல் பெற்று, அதனை அடகு வைத்து மகனுக்கு நூல் வாங்கித் தருவார் தந்தை. ஓய்வூதியம் வந்ததும் மீட்டுத் திருப்புவார். அண்ணலின் கல்விக்கு முதன்முதலாக வைக்கப்பட்ட பிணையம் அவருடைய தமக்கையரின் நகையே என்பதை நாம் மறத்தலாகாது.

1907-இல் மெட்ரிக்குலேஷன் தேறிக் கல்லூரியிற் சேர்ந்தார். இடையில் தந்தையாரின் ஆற்றல் தீர்ந்தது. அந்நிலையில் கேலூஸ்கர் என்னும் ஆசிரியப் பெருந்தகை, இம்மாணவரைப் பரோடா அரசர் சயாஜிராவ் கெய்க்வாட்டிடம் அழைத்துச் சென்றார். அரசர் சில வினாக்கள் கேட்டு மனநிறைவு கொண்டு மாதம் 25 ரூபாய் உதவித்தொகை வழங்கினார். அந்த ஆசிரியர் பொருள் ஏதும் கொடுத்தவர் அல்லர். பொருள் உள்ள இடத்துக்கு வழிகாட்டியவர். ஆசிரியராகிய நாம் நினைவிற் கொள்ள வேண்டிய செய்தி இது. அவ்வுதவியைக் கொண்டு அண்ணல் பி.ஏ. பட்டம் பெற்றார்.

1913 பிப்ரவரியில் தந்தையார் மறைந்தார். அவ்வாண்டிலேயே பரோடா அரசு சில மாணவர்களை அமெரிக்காவிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப முன்வந்தது. அண்ணலும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு உதவித்தொகை. படிப்பு முடிந்தபின் பத்தாண்டுகள் பரோடா அரசுக்குப் பணி செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. 1913 ஜூன் 4-ஆம் நாள் அந்த ஒப்பந்தத்தில் அவர் கையொப்பமிட்டார். அக்காலத்தில் ஒரு பவுன் 15 ரூபாய்க்கு நிகர். எனவே மாதம் 172 ரூபாய்க்குச் சற்று மேல் வந்தது. நம் நாட்டில் அது பெருந்தொகை. நியூயார்க்கில் அது அளவான தொகை. அதிலும் ஒரு பகுதியை ஊரிலுள்ள குடும்பத்துக்கு அவர் அனுப்ப வேண்டியிருந்தது.

ஆகவே நாளும் பொழுதும் எண்ணி எண்ணிச் செலவிட்டார். கேளிக்கைகளை நாடாது நூலகத்தை நாடினார். பழைய நூல்களை மலிவாக வாங்கிச் சேர்த்தார். உதவித்தொகைக்கு ஓர் எல்லை இருப்பதை அறிந்தவராதலின், மூன்றாண்டுக்குள் எவ்வளவு கற்க இயலுமோ அவ்வளவும் கற்றார். 1915-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார், அடுத்த ஆண்டில் முனைவர் பட்டத்துக்குரிய ஆய்வேட்டையும் முடித்தார். அங்கே அவரோடு உடனுறைந்த நேவல் பதேனா என்னும் பார்சி நண்பர் பின்னாளில் அவருக்குப் பெருந்துணையானார்.

1916-இல் இலண்டன் சென்று பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன் என்னும் சட்டக்கல்வி நிலையத்திலும் சேர்ந்தார். பரோடா அரசு தந்த நீட்டிப்பு ஓராண்டோடு முடிந்தது. பணம் நின்றது, படிப்பும் நின்றது. மீண்டும் வந்து தொடர நான்காண்டுக்கு மிகாத கால அவகாசத்தைப் பல்கலைக்கழகத்திடம் பெற்றுக்கொண்டு 1917-இல் தாயகம் திரும்பினார். உலகப் போர்க் காலமாதலால், அவருடைய நூல்களைத் தாங்கி வந்த கப்பல் நீர்மூழ்கிக் கப்பலால் தாக்கப்பட்டு மூழ்கியது.

ஒப்பந்தப்படி பரோடாவுக்குப் பணி செய்யச் சென்றார். அங்கே அவர் பட்ட இழிவை நாம் அனைவரும் அறிவோம். அலுவலகத்தில் கடைநிலை ஊழியரும் தீண்டுதற்கு அஞ்சிக் கோப்புகளைத் தூர நின்று எறிந்தனர். தங்க இடம் கிடைக்காமையால் பார்சியர் விடுதி ஒன்றில் பெயரை மறைத்துத் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. பத்தாண்டுப் பணி சில நாள்களிலேயே முடிந்தது. பணம் கொடுத்துக் கற்பித்த அரசினாலேயே, கற்று வந்தவருக்குத் தன் தலைநகரில் ஓர் அறை தேடித்தர இயலவில்லை. கற்றவன் நின்று பணி செய்ய இடமில்லாத ஊரில், அவனுடைய கல்விக்குச் செலவிட்ட பொருளும் பயனற்றதாகின்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இதன்பின் அண்ணல் எடுத்த முடிவே நம் கருத்தைப் பெரிதும் ஈர்க்கின்றது. இலண்டன் பல்கலைக்கழகம் தந்த காலக்கெடுவோ ஓடிக்கொண்டிருந்தது. கொடை தருவார் எவரும் எதிரில் இல்லை. மாணவர் இருவருக்குத் தனிப்பாடம் சொன்னார். வணிகர்க்குப் பொருளியல் ஆலோசனை கூறும் தொழிலைத் தொடங்கினார். அவர் பிறந்த சாதி இன்னதென்று தெரிந்ததும் அங்கு வருவார் நின்றனர். 1918 நவம்பரில் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் பணி கிடைத்தது. சம்பளம் மாதம் 450 ரூபாய். அச்சம்பளத்துக்கு வசதியான வீட்டில் வாழ்ந்திருக்கலாம். அவரோ பழைய எளிய குடியிருப்பிலேயே இருந்து, இல்லச் செலவுக்கென ஓர் அளவை வகுத்துத் துணைவியார் ரமாபாயிடம் கொடுத்து, எஞ்சியதைச் சேர்த்து வைத்தார்.

அந்த அளவான தொகைக்குள் குடும்பத்தை நடத்திய ரமாபாய் அம்மையாரை ஈண்டு நினைத்தல் நம் கடமை. ஐந்து மக்களைப் பெற்று நால்வரைப் பறிகொடுத்த தாய் அவர். கணவர் மீண்டும் கடல் கடந்தபோதும் வறுமையைத் தாமே தாங்கினார். அண்ணலின் பட்டங்களில் அவருடைய பட்டினியும் அடங்கியிருக்கின்றது.

1920 மார்ச்சில் பணியை விட்டு, ஜூலையில் இலண்டனுக்குப் புறப்பட்டார். கையில் மூவகைப் பணம் இருந்தது. தம் சேமிப்பு ஒன்று. கோல்ஹாப்பூர் அரசர் சாகு மகராஜ் அளித்த உதவி ஒன்று. நண்பர் பதேனா கடனாகத் தந்த 5,000 ரூபாய் ஒன்று. ஒரு பேராசிரியரின் பதினொரு மாதச் சம்பளத்துக்கு நிகரான தொகையை அந்நண்பர் தந்தார். அதற்கு அவர் கொண்ட பிணையம் நியூயார்க்கில் உடனுறைந்து கண்ட ஒழுக்கமேயன்றி வேறில்லை. பரோடாவில் தடியெடுத்தவரும் பார்சியர்; இங்கே கைகொடுத்தவரும் பார்சியர். குலம் பார்த்து மனிதரை அளத்தல் தவறென்பதை இதுவும் உணர்த்தும்.

இலண்டன் வாழ்க்கை கடுமையானது. காலையில் ஒரு துண்டு ரொட்டியும் தேநீரும் கொண்டு பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்துக்குச் சென்றால், அது மூடும் வரை படிப்பார். நண்பகல் உணவுக்குச் செலவிடார். இரவில் பசி மிகும்போது, தெரிந்தவர் தந்த அப்பளத்தைச் சுட்டுத் தின்று மேலும் படிப்பார் என அவர் வரலாறு கூறும். இதனிடையே வேறோர் இடரும் வந்தது. 1920 பிப்ரவரியில் ரூபாய்க்கு 2 ஷில்லிங் என அரசு விகிதம் வகுத்திருந்தது. அவ்விகிதம் நிலைக்கவில்லை, மறு ஆண்டில் ரூபாயின் மதிப்பு 1 ஷில்லிங் 4 பென்சுக்கும் கீழே இறங்கியது. ரூபாயாகச் சேர்த்த பொருள் பவுனாக மாறும்போது தேய்ந்தது. ரூபாயின் சிக்கலைப் பற்றி டி.எஸ்ஸி. பட்டத்துக்கு ஆராய்ந்த அம்மாணவர், அதே சிக்கலால் உணவைக் குறைத்துக்கொள்ள நேர்ந்தது. 1922 மே மாதத்தில் சாகு மகராஜும் மறைந்தார்.

ஆயினும் 1921-இல் எம்.எஸ்ஸி. பட்டமும், 1922-இல் வழக்குரைஞர் தகுதியும் பெற்றார். டி.எஸ்ஸி. ஆய்வேட்டைத் தேர்வாளர் திருத்தித் தருமாறு கூறினர். இருந்து திருத்துதற்குக் கையில் பணமில்லை. 1923 ஏப்ரலில் பம்பாய்க்குத் திரும்பி, இங்கிருந்தே திருத்தி அனுப்பி அவ்வாண்டு இறுதியில் பட்டம் பெற்றார். வழக்குரைஞராகப் பதிவு செய்வதற்குரிய கட்டணத்துக்கும் பதேனாவின் கையையே நாட வேண்டியிருந்தது. கொலம்பியாவின் முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு அச்சாக வேண்டும் என்பது விதி. 1916-இல் முடித்த பணி 1925-இல் தான் நூலாயிற்று. பட்டம் 1927-இல் தான் முறையாகக் கிடைத்தது. கல்விச் செலவு கல்லூரிக் கட்டணத்தோடு முடிவதில்லை. கடைசிப் படியிலும் ஒரு கட்டணம் காத்திருக்கின்றது.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குவோம். தமக்கையர் நகை, ஆசிரியரின் பரிந்துரை, ஓர் அரசரின் உதவித்தொகை, மற்றோர் அரசரின் உதவி, நண்பரின் கடன், சொந்தச் சேமிப்பு, துணைவியாரின் தியாகம் ஆகிய அனைத்தும் சேர்ந்தே ஓர் அம்பேத்கரை ஆக்கின. இவற்றுள் ஒன்று தவறியிருப்பினும் அவர் கல்வி இடையிலே நின்றிருக்கக்கூடும். அங்ஙனம் இடையில் நின்றுபோன அறிஞர் நம் சேரிகளில் எத்தனை பேரோ, யார் அறிவார்!

இதனை அண்ணலே நன்கு உணர்ந்திருந்தார். தமக்குத் தற்செயலாகக் கிடைத்தது தம் மக்களுக்கு உரிமையாகக் கிடைக்க வேண்டும் என எண்ணினார். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலத்தில் அதற்கென வாதாடினார். பட்டியல் இன மாணவர்க்குப் பள்ளிப் படிப்புக்கு மேற்பட்ட கல்விக்கான மைய அரசின் உதவித்தொகை 1944-இல் தொடங்கிற்று. 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். மறு ஆண்டில் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி எழுந்தது. நம்முள் பட்டம் பெற்றவர் பலரும் அந்த உதவித்தொகையால் பயின்றவரே.

இன்றைய நிலைக்கு வருவோம். ஆண்டுதோறும் மேனிலைத் தேர்வு முடிந்ததும், பிள்ளையை வெளிநாட்டில் மருத்துவம் படிக்க வைக்க வழியுண்டா என்று பெற்றோர் நம்மிடம் வினவுகின்றனர். உள்நாட்டில் அரசுக் கல்லூரி இடம் கிட்டாது, தனியார் கல்லூரிக் கட்டணமும் எட்டாத நிலையில் பிறக்கும் வினா அது. வினாவில் தவறில்லை, விடைதான் கடினம். வெளிநாட்டுக் கல்விக்கு ஏழரை லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணையம் கேட்கின்றன. 1954-55 முதல் மைய அரசு நடத்திவரும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை முதுநிலைப் படிப்புக்கும் முனைவர் படிப்புக்கும் உரியது. மருத்துவ இளநிலைப் படிப்புக்கு உரியதன்று. ஆகவே பெற்றோர் கந்துவட்டியை நாடுகின்றனர். அல்லது உள்ள கால் காணியையும் விற்கின்றனர்.

அவர்களுக்கு அண்ணலின் வரலாற்றைக்கொண்டு சில சொல்வோம். முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் கணக்கிட்டுப் புறப்படாதீர். முழுப் படிப்புக்கும் கணக்கிடுங்கள். ரூபாயின் மதிப்பு இறங்கும் என்பதையும் கணக்கிற் சேருங்கள். திரும்பி வந்தபின் இந்நாட்டில் தொழில் செய்யத் தேற வேண்டிய தகுதித் தேர்வையும், அதற்குரிய காலத்தையும் செலவையும் சேருங்கள். போரினால் படிப்பு தடைப்படுதல் 1917-ஓடு போகவில்லை. 2022-இல் உக்ரைனில் போர் மூண்டபோது அங்கே மருத்துவம் பயின்ற நம் நாட்டு மாணவர் ஆயிரக்கணக்கில் பாதியில் திரும்பினர். கையொப்பமிடும் ஒவ்வொரு தாளையும் படித்தறிந்தபின் இடுங்கள். இவ்வளவையும் எண்ணியபின் போகத் துணிந்தால், தயங்காது போகட்டும்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. கால் நூற்றாண்டாக நூலும் கட்டணமும் வழங்கிவந்த இச்சங்கம், இனிப் பிணையம் கேளாத கடன் நிதி ஒன்றைத் தொடங்க வேண்டும். வட்டி வேண்டா, மாணவரின் உழைப்பும் ஒழுக்கமும் போதும். பணியில் அமர்ந்தபின் தவணையாகத் திரும்பும் அப்பணம் அடுத்த பிள்ளைக்குச் செல்லட்டும். அரசு ஊழியராகிய நாம் ஒவ்வொருவரும் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை அதற்கு அளிப்போம். பெரிய தொகை சேருமளவும் காத்திருக்க வேண்டுவதில்லை. நுழைவுத் தேர்வுக் கட்டணமும் பயணச் செலவும் இன்றித் தடுமாறும் பிள்ளையிடமிருந்து தொடங்கலாம். பதேனா என்னும் ஒரு நண்பர் தனியொருவராகச் செய்ததை, ஓர் ஊர் கூடிச் செய்ய இயலாதா? இயலும். அண்ணலின் படத்துக்கு மாலையிடும் கைகள் அவருக்குச் செய்யத்தக்க உண்மையான மரியாதையும் அதுவேயாகும்.