யோபுவின் கதை கேட்ட தேவசகாயம்



பழவேற்காட்டுக்குப் போனவங்க அங்கே இருக்கிற டச்சுக்காரர் கல்லறையைப் பார்த்திருப்பீங்க. வாசலில் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருப்பார்கள். வியாபாரத்துக்கு வந்து, கோட்டை கட்டி, இந்த மண்ணிலேயே அடங்கிப் போனவர்கள் அவர்கள். அதே டச்சுக் கம்பெனிப் படையில் இருந்த ஒருவர் தெற்கே குமரிப் பக்கம் போய், போரில் தோற்றுப் பிடிபட்டார். தோற்றுப்போன அவர் சொன்ன ஒரு கதை நம் நாட்டுக்காரர் ஒருவரின் வாழ்க்கையையே மாற்றிவிட்டது. அவர்தான் தேவசகாயம்.

தேவசகாயத்தின் முதல் பெயர் நீலகண்டன். 1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் தேதி, இப்போதைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நட்டாலத்தில் பிறந்தார். வசதியான குடும்பம். நன்றாகப் படித்தார். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் அரண்மனை வேலையும் கிடைத்தது. பார்கவி அம்மாளைத் திருமணம் செய்துகொண்டார். ஒரு குறையும் இல்லாத வாழ்க்கை.

1741இல் குளச்சலில் பெரிய போர் நடந்தது. மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுப் படையைத் தோற்கடித்தது. பிடிபட்டவர்களில் டிலனாய் என்ற தளபதியும் ஒருவர். மன்னர் அவரைக் கொல்லவில்லை. தன் படைக்கே பயிற்சி கொடுக்க வைத்துக்கொண்டார். அப்படித்தான் டிலனாயும் நீலகண்டனும் நண்பர்கள் ஆனார்கள்.

அந்தச் சமயத்தில் நீலகண்டனுக்குக் கஷ்டம் மேல் கஷ்டம். ஆடு மாடுகள் செத்தன, பயிர் பாழானது. தெய்வம் நம்மைக் கைவிட்டுவிட்டதோ என்று மனம் உடைந்து போனார். அவர் முகத்தைப் பார்த்த டிலனாய் விவிலியத்தில் இருந்து யோபுவின் கதையைச் சொன்னார்.

தெரியாதவர்களுக்காக அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யோபு பெரிய பணக்காரர், நல்லவர். ஒரே நாளில் மந்தையும் போனது, பிள்ளைகளும் இறந்தார்கள். பிறகு உடம்பெல்லாம் புண். ஆறுதல் சொல்ல வந்த நண்பர்களோ, நீ ஏதாவது பாவம் செய்திருப்பாய் என்று பழி போட்டார்கள். யோபு அழுதார், கடவுளிடம் கேள்விகூட கேட்டார். ஆனால் கடவுளை விட்டு மட்டும் போகவில்லை. முடிவில் கடவுள் அவரைப் பழி பேசிய அந்த நண்பர்களுக்காகவே ஜெபம் செய்யச் சொன்னார். யோபுவும் செய்தார். அதற்குப் பிறகுதான் இழந்தது எல்லாம் திரும்பக் கிடைத்தது.

இந்தக் கதை நீலகண்டன் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது. 1745 மே 14ஆம் தேதி வடக்கன்குளத்தில் புட்டாரி என்ற இயேசு சபைப் பாதிரியாரிடம் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்று பெயர் வைத்தார்கள். அதையே தமிழில் தேவசகாயம் என்றார்கள். கடவுள் துணை என்று அர்த்தம். அவருடைய மனைவியும் ஞானப்பூ என்ற பெயரோடு கிறிஸ்தவரானார்.

அதன் பிறகு தேவசகாயம் சாதி பார்க்கவில்லை. தாழ்ந்தவர்கள் என்று அந்தக் காலம் ஒதுக்கி வைத்தவர்களோடு சமமாகப் பழகினார். மேல்சாதியில் பிறந்து அரண்மனையில் வேலை பார்க்கிறவர் இப்படிச் செய்ததும் சிலருக்குக் கோபம் வந்தது. அரசுக்கு எதிரானவர் என்று குற்றம் சாட்டினார்கள். 1749 பிப்ரவரியில் கைது செய்தார்கள்.

மூன்று வருஷம் பட்ட பாடு கொஞ்சமில்லை. எருமை மேல் உட்கார வைத்து, எருக்கம்பூ மாலை போட்டு, ஊர் ஊராக இழுத்துப் போனார்கள். அடித்த காயத்தில் மிளகாய்ப் பொடி தடவினார்கள் என்று சொல்லுவாங்க. நமக்குக் கையில் சின்னச் சிராய்ப்பு இருக்கும்போது கடல் தண்ணி பட்டாலே எப்படி எரியும்! ஒரு வார்த்தை சொல்லி இருந்தால் போதும், வேலையும் வீடும் திரும்பக் கிடைத்திருக்கும். அவர் சொல்லவில்லை.

பெருவிளையில் அவரை ஒரு வேப்ப மரத்தில் கட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்து மக்கள் வழிவழியாகச் சொல்கிற ஒரு கதை உண்டு. அவரைத் தண்டிக்க வேண்டிய காவலாளுக்கே குழந்தை இல்லாத குறை இருந்ததாம். தேவசகாயம் அந்தக் குடும்பத்துக்காக வேண்டிக்கொண்டாராம். பிறகு குழந்தை பிறந்ததாம். தன்னை அடிக்கிற கையின் சொந்தக்காரன் வீட்டில் தொட்டில் ஆட வேண்டும் என்று வேண்ட எத்தனை பேரால் முடியும்? யோபுவின் கதையில் கடைசிப் பாகத்தையும் அவர் மறக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1752 ஜனவரி 14ஆம் தேதி, ஆரல்வாய்மொழி பக்கத்தில் காற்றாடி மலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 39. கிடைத்த எலும்புகளை எடுத்துக் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். யோபுவுக்கு இழந்தது திரும்பக் கிடைத்தது. தேவசகாயத்துக்கு இந்த உலகத்தில் எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனாலும் அவர் நம்பிக்கை குறையவில்லை. 270 வருஷம் கழித்து, 2022 மே 15ஆம் தேதி ரோமில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். பாதிரியாராக இல்லாமல், குடும்பஸ்தராக வாழ்ந்து புனிதரான முதல் இந்தியர் அவர்தான்.

நண்பர்களே, எந்த மதத்தையும் உயர்த்தவோ தாழ்த்தவோ இதை எழுதவில்லை. நம்ம வகுப்பில் எல்லா மதத்தவரும் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறோம். எனக்கு இவர் வாழ்க்கையில் புரிந்தது ஒன்றுதான். மன்னிப்பது ஏன் கஷ்டமாக இருக்கிறது? நமக்குக் கெடுதல் செய்தவன் கையில்தான் நம்ம வாழ்க்கையே இருக்கிறது என்று நினைக்கிறோம். அதனால் பதிலுக்குப் பதில் கொடுக்கத் துடிக்கிறோம். தேவசகாயமோ தன் வாழ்க்கை கடவுள் கையில் இருக்கிறது என்று நம்பினார். அதனால் யாரிடமும் பழைய பாக்கி தீர்க்க வேண்டிய அவசியம் அவருக்கு வரவில்லை. முதலில் நம்பிக்கை, அதிலிருந்துதான் மன்னிப்பு. மன்னிக்க மன்னிக்க மனசு கடவுளுக்குப் பக்கத்தில் போகும்.

மன்னிப்பது என்றால் தப்பைச் சரி என்று சொல்வது இல்லை. தேவசகாயம் அநியாயத்துக்குத் தலையாட்டவில்லை. ஆனால் அநியாயம் செய்தவனை வெறுக்கவும் இல்லை.

நாமோ ஒரு பேனாவுக்கும், ஒரு பட்டப்பெயருக்கும் காய் விட்டுட்டு மாசக்கணக்கில் பேசாமல் இருக்கிறோம். அவர் நினைவு நாள் போகி, பொங்கல் சமயத்தில்தான் வருகிறது. போகிக்குப் பழைய பாயை எரிக்கிறோமே, மனசில் சுருட்டி வைத்திருக்கிற பழைய கோபத்தை என்ன செய்யப் போகிறோம்? இதைப் படித்து முடித்ததும் திரும்பிப் பாருங்க. நீங்க காய் விட்டவங்க பின்னாடியே நின்று இதே தாளைப் படித்துக்கொண்டிருக்கலாம். பழம் விடுங்க!

– பத்தாம் வகுப்பு மாணவி