பிடி அரிசிப் பள்ளியில் படித்தவர்



ஜூலை 15 வரப்போகிறது. பெருந்தலைவர் காமராஜரின் பிறந்தநாள். 2006-ம் ஆண்டிலிருந்து இதைக் கல்வி வளர்ச்சி நாள் என்று எல்லாப் பள்ளியிலும் கொண்டாடுகிறோம். ஒவ்வொரு வருஷமும் இந்தச் சுவரில் அவரைப் பற்றி யாராவது எழுதுவாங்க. மதிய உணவு, எளிமை, படிக்காத மேதை, இந்த மூன்றும் கண்டிப்பாக வந்துவிடும். நான் இந்தத் தடவை பள்ளிக்கூடக் கட்டிடத்தைப் பற்றி எழுதுகிறேன். சுவர், ஓடு, கிணறு, பெஞ்சு, கரும்பலகை இதற்கெல்லாம் அந்தக் காலத்தில் பணம் எங்கேயிருந்து வந்தது என்று பார்த்தால் அவருடைய வாழ்க்கைதான் கண்ணில் படுகிறது.

காமராஜர் 1903-ம் ஆண்டு ஜூலை 15-ம் தேதி விருதுநகரில் பிறந்தார். அப்போது அந்த ஊருக்கு விருதுபட்டி என்று பெயர். அப்பா குமாரசாமி ஒரு வியாபாரி. அம்மா சிவகாமி அம்மாள். காமாட்சி என்றுதான் முதலில் பெயர் வைத்தார்கள். அம்மா ராஜா ராஜா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அது காமராஜ் ஆகிவிட்டது. சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார்.

அவர் படித்த பள்ளியின் பெயர் சத்திரிய வித்தியாசாலை. அது சர்க்கார் பள்ளி இல்லை. ஊர்க்காரர்கள் நடத்திய பள்ளி. எப்படி நடத்தினார்கள் தெரியுமா? வீட்டில் உலை வைக்கும்போது அம்மாக்கள் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். வீடு வீடாக அந்த அரிசியைச் சேர்த்து, அதில் வந்த காசைப் பள்ளிக்குச் செலவு செய்தார்கள். கடைக்காரர்கள் வியாபாரத்தில் ஒரு சின்னப் பங்கை மகமை என்று எடுத்து வைத்தார்கள். அதுவும் பள்ளிக்குப் போனது. ஒரே ஒரு பணக்காரர் ஒரே நாளில் தூக்கிக் கொடுத்த பணம் இல்லை. தினமும் ஒரு பிடி. எங்க ஆயாவிடம் சொன்னேன். ஒரு பிடி குறைந்தால் யாரும் பட்டினி கிடக்க மாட்டாங்க, ஆனா தினம் மறக்காம எடுத்து வைக்கிறதுதான் கஷ்டம்னு சொன்னாங்க. அது உண்மைதான்.

அந்தப் பள்ளியிலும் அவர் ரொம்ப நாள் படிக்கவில்லை. குடும்பக் கஷ்டத்தினால் ஆறாம் வகுப்பு வாக்கில் நின்றுவிட்டார். மாமாவின் ஜவுளிக்கடையில் உட்கார்ந்தார். கடையில் உட்கார்ந்தாலும் மனசு கூட்டங்களைத்தான் சுற்றியது. காங்கிரசில் சேர்ந்தார். 1930-ல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு கல்கத்தா பக்கம் அலிப்பூர் சிறைக்குப் போனார். 1942 முதல் 1945 வரை மறுபடி சிறை. எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட ஒன்பது வருஷம் ஜெயில். பள்ளியில் விட்டதை ஜெயிலில் புத்தகம் படித்துப் பிடித்துக்கொண்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதனால் வேகமாகச் சொல்லிவிட்டேன்.

1954-ம் ஆண்டு ஏப்ரல் 13-ம் தேதி சென்னை மாகாணத்தின் முதலமைச்சர் ஆனார். அவரையும் சேர்த்து மந்திரிகள் மொத்தம் எட்டுப் பேர்தான். அதற்கு முந்தின வருஷம் ராஜாஜி கொண்டுவந்த அரை நாள் படிப்புத் திட்டத்தை (குலக்கல்வி என்று எல்லாரும் எதிர்த்தார்களே, அதேதான்) முதலில் நிறுத்தினார். அந்த மந்திரிசபையில் ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. சி.சுப்பிரமணியம் என்பவர்தான் கல்விக்கும் மந்திரி, நிதிக்கும் மந்திரி. பள்ளிக்குப் பணம் வேண்டும் என்று கேட்கிறவரும், பெட்டியைத் திறந்து கொடுக்கிறவரும் ஒரே ஆள்!

ஒரு மைலுக்குள் ஒரு தொடக்கப்பள்ளி, ஐந்து மைலுக்குள் ஒரு உயர்நிலைப்பள்ளி இருக்க வேண்டும் என்று திட்டம் போட்டார்கள். பள்ளி வந்தது, பிள்ளைகளும் வந்தார்கள். ஆனால் உட்கார இடம்? கோயில் மண்டபத்தில் பள்ளி நடந்தது, யாரோ ஒருத்தர் வீட்டுத் திண்ணையில் நடந்தது, மரத்தடியில் நடந்தது. பல ஊரில் கூரைக் கொட்டகை. மழை வந்தால் லீவு. ஐந்தாண்டுத் திட்டத்தில் ஒதுக்கிய பணம் வாத்தியார் சம்பளத்துக்கும் புதுப் பள்ளி திறப்பதற்கும் போய்விட்டால், இருக்கிற பள்ளியைச் சரி செய்ய மிச்சம் என்ன இருக்கும்? நம் வீட்டிலும் இப்படித்தானே. அரிசி பருப்புக்குப் போக, ஒழுகுகிற ஓட்டை மாற்றக் காசு இருக்காது.

அப்போது பொதுக் கல்வி இயக்குநராக இருந்தவர் நெ.து.சுந்தரவடிவேலு. நெ.து.சு. என்று சொல்வார்கள். காஞ்சிபுரம் பக்கம் நெய்யாடுபாக்கம் என்ற கிராமத்தில் பிறந்தவர். அவருடைய ஆபீஸ் சென்னை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருந்த டி.பி.ஐ. வளாகம். நம்முடைய ஹெச்.எம். மீட்டிங் என்று போவாரே, அதே இடம்தான். இப்போது அதற்குப் பேராசிரியர் க.அன்பழகன் கல்வி வளாகம் என்று பெயர்.

மதிய உணவில் இவர்கள் இரண்டு பேரும் ஒன்றைக் கற்றுக்கொண்டிருந்தார்கள். 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவு ஆரம்பித்தபோது அது பெரும்பாலும் ஊர்மக்கள் கொடுத்த அரிசியிலும் காய்கறியிலும்தான் நடந்தது. அரசு மானியம் பிறகு வந்தது. (இதற்கும் முன்னாடி 1920-லேயே சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் சாப்பாடு போட்டவர் சர் பிட்டி தியாகராயர். தியாகராய நகர், அதாவது நாம் துணி எடுக்கப் போகிற தி.நகர், அவர் பெயர்தான்.) சோற்றுக்குக் கொடுத்த ஊர் சுவருக்கும் கொடுக்கும் என்று நினைத்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் பள்ளிச் சீரமைப்பு மாநாடு. 1958-ல் கடம்பத்தூரில் ஆரம்பித்தது. நம்ம சென்னைக்குப் பக்கத்தில், அரக்கோணம் போகிற ரயிலில் போனால் திருவள்ளூர் தாண்டி வருகிற ஸ்டேஷன்.

மாநாடு என்றால் மைக் வைத்துப் பேசிவிட்டுப் போவது என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு முன்னாடி பல மாத வேலை இருக்கிறது. ஒவ்வொரு பள்ளியிலும் வாத்தியார்களும் ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து என்ன குறை என்று பட்டியல் எழுத வேண்டும். ஒரு வகுப்பறை வேண்டும், ஓடு மாற்ற வேண்டும், சுற்றுச்சுவர், கிணறு, கழிப்பறை, பெஞ்சு, கடிகாரம், தேசப்படம், குழந்தைகளுக்குச் சீருடை, இப்படி. பிறகு ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஆகும் என்று மதிப்பு போட வேண்டும். பிறகு ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு பெயர் வர வேண்டும். யார் செய்து தருகிறார்கள்? பணம் இல்லாதவர் மூங்கில் கொடுத்தார், செங்கல் கொடுத்தார், வண்டி ஓட்டினார், உடம்பு உழைப்பைக் கொடுத்தார். ஒரு வட்டாரத்துப் பள்ளிகள் எல்லாவற்றின் பட்டியலும் சேர்ந்ததும்தான் மாநாடு. மந்திரிகள் வருவார்கள், முதலமைச்சரே பல மாநாடுகளுக்கு வந்தார். எல்லார் முன்னாடியும் பெயரைப் படித்தால் அப்புறம் கொடுக்காமல் இருக்க முடியுமா! கடம்பத்தூரில் தொடங்கியது மாநிலம் பூராவும் பரவி நூற்றுக்கும் மேல் மாநாடுகள் நடந்தன. கோடிக்கணக்கான ரூபாய் பெறுமான பொருளும் கட்டிடமும் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தன. அந்தக் காலத்துக் கோடி.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தப் பட்டியல்தான். நம்ம பள்ளிக்கு நிறையக் குறை இருக்கிறது என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் காதில் விழாது. எட்டாம் வகுப்பு வடக்குப் பக்க ஜன்னலுக்குக் கதவு இல்லை, இவ்வளவு ரூபாய் என்றால் ஒருத்தராவது எழுந்து நிற்பார். விருதுபட்டியில் பிடி அரிசி கொடுத்த அம்மாக்களுக்கும் தான் கொடுத்தது எங்கே போகிறது என்று தெரிந்திருக்கும்.

ஆனால் ஒரு சந்தேகமும் உண்டு. வசதியான ஊர் என்றால் கொடுக்க ஆள் இருப்பார்கள். கூலி வேலைக்குப் போகிற ஊரில் யார் கொடுப்பது? அங்கேதானே பள்ளி ரொம்ப மோசமாக இருக்கும்? எங்கள் சமூக அறிவியல் மிஸ்ஸிடம் கேட்டேன். அதனால்தான் அரசாங்கப் பணமும் கட்டாயம் வேண்டும், ஊர்க்காரர் கொடுப்பது அதுக்கு மேல இருக்கணும், அதுக்குப் பதிலா இருக்கக் கூடாது என்று சொன்னார்கள். இன்னொன்று, கட்டிடம் ஒரு தடவை கட்டினால் முடிந்தது இல்லை. வெள்ளையடிக்க வேண்டும், ஓடு உடைந்தால் மாற்ற வேண்டும், கிணறு தூர் எடுக்க வேண்டும். திறப்பு விழாவுக்கு வருகிற கூட்டம் வெள்ளையடிக்க வராது.

அதற்கும் ஒரு ஏற்பாடு நடந்தது. நம்ம பள்ளிப் பலகையில் ஊராட்சி ஒன்றியம் என்று எழுதியிருக்கிறதே, அந்த ஒன்றியமும் காமராஜர் ஆட்சியில் வந்ததுதான். 1958-ல் பஞ்சாயத்துச் சட்டம் போட்டார்கள். 1960 அக்டோபர் 2 முதல் பஞ்சாயத்து யூனியன்கள் வர ஆரம்பித்தன. பழைய ஜில்லா போர்டுகள் போய்விட்டன. அவர்களிடம் இருந்த தொடக்கப்பள்ளிகள் யூனியன்களுக்கு வந்தன. பள்ளிக்கு என்று அரசு மானியமும் யூனியனுக்கு வந்தது. அதாவது, ஒவ்வொரு வருஷமும் கேட்பதற்கு ஒரு கதவு. அதைத் தட்டுவது நம்ம வேலை.

1963 அக்டோபர் 2-ல் தானாகவே முதலமைச்சர் பதவியை விட்டார். பெரியவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குப் போக வேண்டும் என்ற கே-பிளான் அவருடையதுதான். 1964-ல் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர். நேருவுக்குப் பிறகு சாஸ்திரி, சாஸ்திரிக்குப் பிறகு இந்திரா காந்தி என்று பிரதமர்கள் வர இவர்தான் முக்கியக் காரணம். 1967 தேர்தலில் பிறந்த ஊரான விருதுநகரிலேயே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றுப் போனார். 1969-ல் நாகர்கோவிலில் ஜெயித்தார்.

சென்னையில் அவர் தி.நகர் திருமலைப் பிள்ளை சாலையில் வாடகை வீட்டில் இருந்தார். ரங்கநாதன் தெருக் கூட்டத்தைத் தாண்டி வள்ளுவர் கோட்டம் பக்கம் வந்தால் அந்த வீடு. இப்போது நினைவு இல்லம். போன வருஷம் டூர் போனபோது எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் புழங்கிய சாமான்கள், போட்டோக்கள், அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் பார்த்து முடித்துவிடலாம். ஆயிரக்கணக்கான ஊர்களில் பள்ளிக்கட்டிடம் எழும்பக் காரணமாக இருந்தவர் தனக்கென்று ஒரு வீடு கட்டிக்கொள்ளவில்லை. 1975 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று அந்த வீட்டில்தான் இறந்தார். அடையாறு போகிற சர்தார் படேல் சாலையில், கிண்டி காந்தி மண்டபம் வளாகத்தில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. 1976-ல் பாரத ரத்னா கொடுத்தார்கள்.

அவர் இறந்த பிறகு நடந்தவற்றில் இரண்டை இங்கே சொல்ல வேண்டும். 2004 ஜூலை 16, அவர் பிறந்தநாளுக்கு மறுநாள், கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். கூரையும் சுவரும் ஒரே நாளில் கெட்டுப் போவதில்லை. வருஷக்கணக்கில் கெட்டுப்போகிறது. யாராவது பட்டியலில் எழுதியிருக்க வேண்டும்.

நெல்லைக்குப் பிறகு மோசமான பள்ளிக் கட்டிடங்களை இடிக்கச் சொன்னார்கள். 2022 பட்ஜெட்டில் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் என்று ஐந்து வருஷத்துக்கு 7,000 கோடி ரூபாய் அறிவித்தார்கள். அதே வருஷம் டிசம்பரில் நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி என்று, பழைய மாணவர்களும் கம்பெனிகளும் பணம் கொடுக்கிற திட்டம் வந்தது. பள்ளிச் சீரமைப்பு மாநாட்டின் பேத்தி என்று எங்கள் தமிழ் ஐயா சிரித்துக்கொண்டே சொன்னார்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழு மூன்று வருஷத்துக்குத் திட்டம் எழுத வேண்டும். குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள். எங்க அம்மாவும் அதில் இருக்காங்க. நோட்டில் எழுதியிருப்பதைப் பார்த்தேன். முதல் வருஷம்: பழைய கட்டிடத்தில் தளம் ஒழுகுகிற இடம், பெண்கள் கழிப்பறைக்குத் தண்ணீர் மோட்டார். இரண்டாம் வருஷம்: பின்பக்கச் சுற்றுச்சுவர். மூன்றாம் வருஷம் என்று தலைப்பு மட்டும் இருக்கிறது, கீழே ஒன்றும் எழுதவில்லை. மதிப்பு எவ்வளவு என்ற கட்டமும் காலியாக இருக்கிறது. வகுப்பு வாரியாக என்னென்ன உடைந்திருக்கிறது என்று எழுதித் தந்தால் கூட்டத்தில் வைக்கிறேன் என்று அம்மா சொல்லியிருக்காங்க. 6-ம் வகுப்பும் 9-ம் வகுப்பும் எழுதியாச்சு. 7, 8, 10 வகுப்பு லீடர்கள் புதன்கிழமைக்குள் என்னிடம் கொடுக்கவும். இந்த மாதக் கூட்டம் கடைசி வெள்ளிக்கிழமை, மூன்று மணிக்கு.

— 9-ம் வகுப்பு மாணவி