கைரேகைக்குக் கணக்கு வகுத்த காஜி அஸீஸுல் ஹக்

விரல் நுனிகளைப் பற்றிப் பேசும் இறைவசனத்தை விளக்கும்போதெல்லாம் நாம் கைரேகையை உதாரணம் காட்டுகிறோம். ஆனால் அந்த ரேகைகளை நீதிமன்றம் நம்பும் சாட்சியமாக மாற்றப் பாடுபட்ட ஒரு முஸ்லிமின் பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது.

காஜி அஸீஸுல் ஹக், இன்றைய வங்கதேசத்தின் குல்னா பகுதியில் 1872-ல் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர், கல்கத்தா சென்று மாநிலக் கல்லூரியில் கணிதம் பயின்றார். அவரது திறமையை அறிந்த வங்காளக் காவல்துறைத் தலைவர் எட்வர்டு ஹென்றி, அவரைப் பணியில் சேர்த்துக்கொண்டார்.

அந்நாளில் குற்றவாளிகளை அடையாளம் காண உடல் உறுப்புகளை அளந்து பதிவு செய்வார்கள். ஒரே ஆளை இருவர் அளந்தால் இரண்டு அளவு வரும். அந்த முறையில் ஹக்குக்கு நம்பிக்கை ஏற்படவில்லை. கைரேகை மாறாதது. ஆனால் ஆயிரக்கணக்கான சீட்டுகளுக்குள் ஒன்றைத் தேடி எடுப்பது எப்படி?

இங்குதான் அவர் படித்த கணிதம் கைகொடுத்தது. பத்து விரல்களையும் ஐந்து ஜோடிகளாகப் பிரித்தார். சுழி உள்ள விரலுக்கு, அது எந்த ஜோடியில் இருக்கிறதோ அதற்கேற்ப 16, 8, 4, 2, 1 என மதிப்பு. சுழி இல்லாத விரலுக்குப் பூஜ்யம். கூட்டிப் பார்த்தால் எந்த மனிதனின் ரேகையும் 1,024 அறைகளில் ஒன்றில் போய்ச் சேரும். முழு அலமாரியையும் புரட்ட வேண்டியதில்லை. ஓர் அறையைத் திறந்தால் போதும். உடன் பணியாற்றிய ஹேம சந்திர போஸும் இத்துறைக்குப் பெரும் பங்களித்தார். 1897-ல் கல்கத்தாவில் விரல் ரேகைப் பதிவுக்கூடம் தொடங்கப்பட்டது.

அதே ஆண்டு ஜல்பாய்குரியில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் கொல்லப்பட்டார். அங்கிருந்த வங்காளப் பஞ்சாங்கம் ஒன்றில் இரத்தக் கறை படிந்த விரல் பதிவு இருந்தது. ஏற்கெனவே தண்டனை பெற்றிருந்த முன்னாள் பணியாள் ஒருவரின் ரேகையுடன் அது பொருந்தியது. 1898-ல் நீதிமன்றம் அவரைத் திருட்டுக்காகத் தண்டித்தது; கொலைக்குற்றத்திலிருந்து விடுவித்தது. அவரது கை அங்கே பட்டது என்பதை ரேகை காட்டியது. கொன்றவர் அவர்தான் என்பதற்கு அது போதவில்லை. தடயம் எதைச் சொல்கிறதோ அதற்கு மேல் ஓர் அடியும் போகக்கூடாது என்ற இந்த எச்சரிக்கையை, சந்தேகத்தின் பேரிலேயே மனிதர்களைக் குற்றவாளியாக்கிவிடும் இக்காலத்தில் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். மறு ஆண்டே விரல் ரேகை நிபுணரின் கருத்து இந்தியச் சாட்சியச் சட்டத்தில் இடம்பெற்றது.

ஆனால் உழைத்தவரின் பெயர் மறைந்தது. உலகம் அதை 'ஹென்றி முறை' என்றே அழைத்தது. ஹென்றி லண்டன் காவல்துறையின் ஆணையராக உயர்ந்தார். ஹக்குக்குக் கான் பகதூர் பட்டமும் பண வெகுமதியும் பல ஆண்டுகள் கழித்தே கிடைத்தன. தம் ஊழியர்களில் ஹக்கின் பங்கே பெரியது என ஹென்றியே பிற்காலத்தில் அரசுக்கு எழுதி ஒப்புக்கொண்டார். ஹக் பீகாரின் மோதிஹாரியில் குடியேறி, 1935-ல் மரணமடைந்தார். பிற்காலத்தில் பிரிட்டனின் கைரேகை ஆய்வாளர் சங்கம் ஹக், போஸ் இருவர் பெயரிலும் விருது ஏற்படுத்தியது.

ஒரு பொருளில் பதிந்த ரேகை யாருடையது என்று சரியாகச் சொல்வது நீதி. ஒரு சாதனை யாருடையது என்று சரியாகச் சொல்வதும் நீதிதான். நம் பிள்ளைகளுக்கு இவர் பெயரைச் சொல்லிக் கொடுப்போம். அல்லாஹ் அவரது உழைப்பை ஏற்றுக்கொள்வானாக!