ஸ்ரீநிவாச ராமாநுஜனும் டெலிபோன் கணக்கும்

கணித மேதை ஸ்ரீநிவாச ராமாநுஜனைக் கும்பகோணத்தார் தம்மவர் என்பர். அவர் பிறந்த ஈரோட்டினரும் அவ்வாறே உரிமை கொள்வர். காஞ்சிபுரத்தார்க்கும் அவ்வுரிமையிற் சிறு பங்கு உண்டென்பதைப் பலர் அறியார். அவர் தோன்றியது 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள். 1889இல் பெரியம்மை கண்டு உயிர் தப்பினார். அதன்பின் தாயார் கோமளத்தம்மாள் அவரைக் காஞ்சியிலிருந்த தம் பெற்றோர் இல்லத்திற்கு அழைத்து வந்தார். பாட்டனார் இவ்வூர் நீதிமன்றத்தில் அலுவல் பார்த்தவர். அவ்வலுவல் போனபின் தாயும் மகனும் கும்பகோணம் மீண்டனர்.

பள்ளியிற் பரிசுகள் பெற்ற அவ்விளைஞர், கும்பகோணம் அரசினர் கலாசாலையிலும் சென்னைப் பச்சையப்பன் கலாசாலையிலும் பயின்றும் எப். ஏ. பரீட்சையில் தேறவில்லை. கணிதமொழிந்த பிற பாடங்களில் அவர் மனம் செல்லவேயில்லை. 1909இல் மணமாயிற்று, சம்பாத்தியமோ இல்லை. இராமச்சந்திர ராவ் என்னும் வள்ளல் மாதம் 25 ரூபாய் உதவிவந்தார்.

அவ்வறுமைக் காலத்தில், 1911இல், இந்தியக் கணிதச் சங்கத்தின் பத்திரிகைக்கு அவர் விடுத்த வினாக்களுள் ஒன்றையே ஈண்டு விரித்துக் கூறப் புகுந்தோம். 1 என்னும் எண்ணில் தொடங்குக. அதனை 100ஆற் பெருக்கி 1ஆல் வகுக்க; வந்ததை மீண்டும் 100ஆற் பெருக்கி 2ஆல் வகுக்க; அடுத்து 3ஆல் வகுக்க; இங்ஙனம் முடிவின்றிச் செல்க. உறுப்புகள் முதலிற் பருத்து, நூறாம் வகுத்தலளவில் உச்சமடைந்து, பின்னர்ச் சிறுத்துப்போகும். முழுத்தொகையின் சரிபாதி எவ்விடத்தில் நிறைவுறும்? நூறாம் வகுத்தலில் வரும் உறுப்புக்கு முந்தியவற்றையெல்லாம் கூட்டி, அவ்வுறுப்பில் ஒரு பின்னத்தைச் சேர்த்தாற் பாதியாகும். நூறுக்கு மாறாக எம்முழு எண்ணைக் கொள்ளினும் அப்பின்னம் 1/2க்கும் 1/3க்கும் இடைப்பட்டதென நிறுவுக என்பதே வினா. யாதொரு பயனையும் கருதி எழுந்ததன்று இது.

நிற்க. கோபன்ஹேகன் நகர டெலிபோன் கம்பெனியில் 1908இல் அமர்ந்த எர்லாங் என்னும் டென்மார்க்குக் கணிதர்க்கு வேறொரு கவலை இருந்தது. கம்பிகள் அளவின்றி இருப்பின் ஒரே வேளையில் சராசரி 100 பேச்சுகள் நடக்குமளவு அழைப்புகள் வருகின்றன. கம்பிகளோ 100தாம் உள. எத்தனை அழைப்புகள் இடமின்றித் திரும்பும்? 2019இல் அத்திவரதர் எழுந்தருளிய நாட்களில் காஞ்சியில் வரிசை நின்றோர் காத்திருந்தேனும் தரிசித்தனர். இக்கணக்கில் வரும் அழைப்போ காத்திராது போய்விடும். 1917இல் எர்லாங் விடை வெளியிட்டார்: மேற்சொன்ன தொடரின் நூறாம் வகுத்தல் உறுப்பை, அதுவரையுள்ள கூட்டுத்தொகையால் வகுக்க. அக்கூட்டுத்தொகை ராமாநுஜன் அளந்த தொகையே! அவர் கண்ட பின்னம் 1/3ஐ நெருங்குவதாகக் கொண்டால், 157இன் வர்க்கமூலமாகிய 12.53உடன் 2/3ஐக் கூட்ட, ஏறத்தாழ 13.2 வரும், பதின்மூன்று அழைப்புகளில் ஒன்று திரும்பும் என்க. ஒரு துண்டுக் காகிதத்தில் முடியும் கணக்கு இது.

ஆயின், ஒரு வழி அடைபட்டால் மறுவழி தேடும் பல எக்ஸ்சேஞ்சுகளின் வலைக்கு இத்தகைய எளிய சூத்திரம் இல்லை. அங்கே கணிப்பொறியில் பாவனை அழைப்புகளை விட்டு எண்ணிப் பார்க்கின்றனர். பத்து லட்சத்தில் ஒன்றே திரும்பும் வலையாயின், 10 கோடி அழைப்புகளை விட்டாலும் திரும்புவன நூறளவே; அப்பொழுதும் விடையிற் பத்திலொரு பங்கு பிழை நேரலாம். ஆதலின் விரைவு முறைகள் எழுந்தன. அழைப்புகளை வேண்டுமென்றே மிகுவித்துத் திரும்புவனவற்றைப் பெருக்கி, மிகுவித்த அளவுக்குத் தக ஒவ்வொன்றின் எடையையும் திருத்தி எண்ணுவது அவற்றுள் ஒன்று. மிகுவிப்பதில் முறை தவறினால் விடை முன்னிலும் கெடும். எனவே விடை தெரிந்த ஒற்றைக் கம்பித்தொகுதியில் முதலில் அதனைச் சோதிப்பது அறிவுடைமை. அவ்வுரைகல் எர்லாங்கின் சூத்திரமே.

வினா விடுத்தவர் 1912 மார்ச்சு முதல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை பார்த்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு அனுப்பிய புகழ்பெற்ற கடிதத்தில் அப்பின்னத்தின் அளவை இன்னும் நுட்பமாக வரையறுத்திருந்தார். நிரூபணம் மட்டும் இல்லை. பின்னர் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தனவே: 1914இற் கடற்பயணம், 1918இல் எப். ஆர். எஸ். பட்டம், 1919இல் நோயோடு தாயகம் திரும்பியமை. 1920 ஏப்ரல் 26ஆம் நாள், முப்பத்திரண்டு வயதில், சென்னையில் மறைந்தார்.

1911ஆம் ஆண்டு வினாவுக்குச் சேகோ 1928இலும் வாட்சன் 1929இலும் நிரூபணம் கண்டனர். கடிதத்திலிருந்த நுட்பமான வரையறை 1995இல்தான் கணிதர் நால்வரால் முற்றும் நிறுவப்பெற்றது.