அண்ணா எழுப்பிய அரண்

தறி ஓசையோடு விடியும் ஊர் அருப்புக்கோட்டை. அதைக் கடந்து போனால் திருச்சுழிச் சீமை. மழை பெய்தால் கம்பும் சோளமும் உண்டு. பொய்த்தால் குண்டாற்றில் மணலும், கண்மாயில் வெடிப்புமே மிச்சம். வானம் பார்த்து வாழும் இந்த மக்களுக்கு மாநில உரிமை எதற்கு என்று கேட்போர் உண்டு. கேட்கட்டும்! அவர்களுக்கு விடையாக ஒரு வாழ்க்கை இருக்கிறது.

நெசவாளர் நகரமாம் காஞ்சியில் 1909 செப்டம்பர் 15-இல் பிறந்தார் பேரறிஞர் அண்ணா. பச்சையப்பன் கல்லூரியில் எம்.ஏ. வரை பயின்றவர், பட்டத்தைக் காட்டிப் பதவி தேடிப் போகவில்லை. 1938-இல் கட்டாய இந்தியை எதிர்த்துச் சிறை புகுந்தார். 1949 செப்டம்பர் 17-இல் கழகம் கண்டார். கைத்தறித் துணி விலை போகாமல் நெசவாளர் குடும்பங்கள் வாடியபோது, 1953-இல் திருச்சி வீதிகளில் துணி மூட்டையைத் தானே தோளில் சுமந்து விற்றார். அருப்புக்கோட்டை நெசவாளியின் பசியை அவருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

1956 ஜூலை 27. அருப்புக்கோட்டைக்கு அண்டை ஊரான விருதுநகரில் தியாகி சங்கரலிங்கனார் உண்ணாநோன்பு தொடங்கினார். சென்னை இராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிடுக என்பது அவர் கோரிக்கைகளில் ஒன்று. நோன்பைக் கைவிடுமாறு அண்ணா நேரில் வந்து வேண்டினார், பெரியவர் இணங்கவில்லை. 76 நாள் பட்டினி கிடந்து, அக்டோபர் 13-இல் உயிர் நீத்தார். அந்நாளில் சட்டமன்றத்தில் கழகத்துக்கு ஓர் இடமும் இல்லை. அண்ணா என்ன செய்ய இயலும்? நெஞ்சில் அந்தக் கடனைச் சுமந்து திரும்பினார்.

1957-இல் சட்டமன்றம் புகுந்தார். 1962-இல் காஞ்சியில் தோற்று, இராஜ்ய சபை சென்றார். 1963-இல் பூபேஷ் குப்தா கொணர்ந்த தமிழ்நாடு பெயர் மாற்ற மசோதாவை ஆதரித்து அங்கே வாதாடினார், மசோதா வீழ்ந்தது. அதே ஆண்டில் வந்தது அரசியல் சட்டத்தின் 16-ஆவது திருத்தம். திராவிட நாடு கோரிக்கையை விடுத்த அண்ணா, அதற்கான காரணங்களை விடவில்லை. மாநிலங்களுக்கு அதிகாரம் வேண்டும் என்ற குரல் முன்னிலும் ஓங்கிற்று. 1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழகம் தீக்குளித்தது. 1967-இல் ஆட்சி கழகத்தின் கைக்கு வந்தது.

வந்த அதிகாரத்தை அண்ணா கையாண்ட விதந்தான் நாம் கற்க வேண்டிய பாடம். மாநிலத்தின் பெயரை மாற்றும் அதிகாரம் பாராளுமன்றத்தினுடையது. ஆகவே 1967 ஜூலை 18-இல் சட்டமன்றத்தை ஒரே குரலில் தீர்மானம் இயற்றச் செய்து, டில்லியின் கதவைத் தட்டினார். சட்டம் பிறந்தது, 1969 சனவரி 14-இல் தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது. சங்கரலிங்கனாருக்குப் பட்ட கடன் தீர்ந்தது.

கல்வியோ அன்று மாநிலப் பட்டியலில் இருந்தது. 1967 இறுதியில் பாராளுமன்றம் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தியதோடு, மும்மொழித் திட்டத்தை வற்புறுத்தித் தீர்மானமும் இயற்றிற்று. கூட்டாட்சி நெறிக்கு மாறான திணிப்பு இது என்று தமிழகம் கொதித்தது. பாராளுமன்றச் சட்டத்தைச் சட்டமன்றம் செல்லாததாக்க முடியாது என்பதை அண்ணா அறிவார். பள்ளிக்கூடம் யார் பொறுப்பில் இருக்கிறது என்பதையும் அறிவார்! 1968 சனவரி 23-இல் சட்டமன்றம் கூடியது. தமிழும் ஆங்கிலமும் போதும், பாடத்திட்டத்தில் இந்தி வேண்டாம், தேசிய மாணவர் படையில் இந்திக் கட்டளைச் சொற்கள் கூடா, எல்லா மொழிகளுக்கும் சம உரிமை வேண்டும் எனத் தீர்மானம் நிறைவேறிற்று.

இது மொழி வெறியா? வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசுவோர் தமிழரோடு உறவாய் வாழும் ஊர் அருப்புக்கோட்டை. எந்த மொழியையும் அந்தத் தீர்மானம் பகைக்கவில்லை, திணிப்பை மறுத்தது. வறண்ட பூமி என்று பேரெடுத்த விருதுநகர் மாவட்டம், இருமொழிக் கல்வியிலேதான் மேல்நிலைத் தேர்ச்சி விகிதத்தில் பல்லாண்டுகள் முதலிடம் பெற்றது.

1969 பிப்ரவரி 3-இல், 59 வயதில், அண்ணா மறைந்தார். அவர் நின்று போராடிய தளத்தையே பின்னர் டில்லி பறித்தது. 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், 42-ஆவது திருத்தம் கல்வியைப் பொதுப் பட்டியலுக்குக் கொண்டு போயிற்று. அதன் விளைவைப் பின்னாளில் கண்கூடாகக் கண்டோம்: மத்திய சர்க்காரின் கல்வித் திட்டத்துக்குக் கையெழுத்திடவில்லை என்பதற்காக, 2024-25 ஆம் ஆண்டில் தமிழகப் பள்ளிகளுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டது. அந்தப் பணத்தில் திருச்சுழிச் சீமைப் பிள்ளையின் பங்கும் அடங்கும் அல்லவா?

மாநில உரிமை எதற்கு என்று கேட்டோருக்கு இதுவே விடை. அண்ணாவின் சிலைக்கு மாலை சூட்டினால் மட்டும் போதாது. கல்வியை மாநிலப் பட்டியலுக்கு மீட்டால்தான் அவர் எழுப்பிய அரண் முழுமை பெறும்.