இலங்கைப் பிரதமர் பண்டாரநாயகாவின் சரித்திரம்



மகான்களின் சரித்திரத்தைப் படிப்பது நன்மை பயக்கும். மகான் என்று சொல்லத்தகாத, ஆயினும் பெரும் பதவி வகித்த ஒருவரின் சரித்திரத்தைப் படிப்பதும் நன்மையே. எவ்விடத்தில் கால் இடறிற்று என்பதை அதிலே காணலாம். 1956 முதல் 1959 வரை இலங்கையின் பிரதம மந்திரியாயிருந்த சாலமன் வெஸ்ட் ரிட்ஜ்வே டயஸ் பண்டாரநாயகாவின் வாழ்வைச் சொல்லப் புகுந்தது இக்கருத்தாலேயாம்.

வாளையார், கொழிஞ்சாம்பாறை முதலிய பாலக்காட்டு எல்லை ஊர்களிலும், மூணாறு, வண்டிப்பெரியாறு, குமுளி முதலிய இடுக்கி மலைகளிலும் வாழும் நம்மவர்க்கு இச்சரித்திரம் அயலானதன்று. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிமாரின் பின்னே மூணாற்று மலையேறியவர்களும், அதே சீமைகளிலிருந்து கடல் கடந்து கண்டித் தேயிலைத் தோட்டம் புகுந்தவர்களும் ஓரினத்து மக்கள். புத்த தர்மத்தை மேற்கொண்ட நம்மை நோக்கி, இலங்கையில் தமிழரைக் கொன்றவர்களின் மதமன்றோ அது என்று கேட்போரும் உளர். மழுப்பாமல் விடை கூற வேண்டுமாயின் இவர் சரித்திரத்தை நாம் அறிதல் வேண்டும்.

பண்டாரநாயகா 1899-ஆம் ஆண்டு ஜனவரி 8-இல் கொழும்பில் பிறந்தார். தந்தையார் ஆங்கிலேயரிடம் மகா முதலியார் என்னும் உயர்பதவி வகித்தவர். குடும்பத்தார் ஆங்கிலத் திருச்சபைக் கிறிஸ்தவர்கள். அந்நாளைய கவர்னர் வெஸ்ட் ரிட்ஜ்வேயின் பெயரே பிள்ளைக்கு இடப்பட்டது. ஆக்ஸ்போர்டில் பயின்று, வாக்குவன்மையால் புகழ் பெற்று, 1925-இல் நாடு திரும்பினார். மறு ஆண்டே ஓர் அரிய கருத்தை வெளியிட்டார். சிங்களரும் தமிழரும் கூடி வாழும் அத்தீவுக்குக் கூட்டாட்சியே ஏற்றது என்று பத்திரிகையில் எழுதினார். யாழ்ப்பாணம் சென்று சொற்பொழிவும் ஆற்றினார். அப்போது அவருக்கு வயது 27. நோய்க்கு மருந்து எதுவென்று அவர் இளமையிலேயே அறிந்திருந்தார் என்பதை அன்பர்கள் மனத்திலிருத்துக.

பின்னர் அவர் பௌத்தரானார். அவ்வகையில் அவரும் நம்மைப்போல் மதம் மாறியவரே. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. அவர் ஏற்ற மதம் தம் நாட்டில் பெரும்பான்மையோரின் மதம். அதனுடன் தேசிய உடையும், சிங்கள மொழியும், வாக்குகளும் வந்தன. நாம் தர்மத்தை ஏற்றபோது நமக்குப் பதவி எதுவும் வரவில்லை. தாழ்த்தப்பட்டோர்க்குரிய ஒதுக்கீடுகூட 1990-இல் சட்டம் திருத்தப்படும்வரை பௌத்தரான நம்மவர்க்கு மறுக்கப்பட்டிருந்தது. அவர் உள்ளத்தில் இருந்தது பக்தியோ அரசியலோ என்று தீர்ப்புக் கூற நாம் யார்? செயல்களை மட்டும் காண்போம்.

அவர் சிங்கள மகா சபையை நிறுவினார். 1948-இல் சுதந்திரம் வந்தபோது மந்திரியானார். அவ்வாண்டிலேயே அம்மந்திரி சபை இயற்றிய பிரஜாவுரிமைச் சட்டம், மலையகத் தோட்டங்களில் உழைத்த தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1951-இல் அவர் பிரிந்துவந்து ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார்.

1956-இல் பகவன் புத்தர் பரிநிர்வாணமுற்ற 2500-ஆம் ஆண்டு நிறைவு வந்தது. நம் நாட்டில் அதே ஆண்டு அக்டோபர் 14-இல் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் லட்சக்கணக்கானோருடன் தீட்சை பெற்றார். இலங்கையிலோ அந்த விழா தேர்தலோடு கலந்தது. பிக்குகள் ஓர் முன்னணி அமைத்து ஊர் ஊராகச் சென்று அவருக்கு ஆதரவு திரட்டினர். ஆங்கிலேயர் காலத்தில் தங்கள் மதம் அடைந்த இழிவு அவர்களை வருத்தியது உண்மை, அவ்வருத்தம் நியாயமானதே. ஆனால் அத்துடன் ஒரு பழைய எண்ணமும் சேர்ந்துகொண்டது. தீவு முழுவதும் தர்மத்துக்கென்று ஒதுக்கப்பட்ட நிலம், சிங்களரே அதன் காவலர் என்பது அவ்வெண்ணம். தமிழ் மன்னன் எல்லாளனை வென்ற துட்டகைமுனு, போரில் மாண்டவர்களை எண்ணி வருந்தியபோது, மாண்டவர்களில் மனிதர் எனத்தக்கவர் ஒன்றரைப் பேரே என்று அருகதர்கள் தேற்றியதாக மகாவம்சம் கூறுகிறது. உயிர்க்கொலை தவிர்த்தலை முதற்சீலமாக விதித்த ஆசானின் பெயரால் இக்கணக்கு எழுதப்பட்டது!

தேர்தலில் வென்ற பண்டாரநாயகா, ஜூன் 5-இல் தனிச் சிங்கள மசோதாவைக் கொண்டுவந்தார். அன்று காலிமுகத் திடலில் அறவழியில் அமர்ந்திருந்த தமிழர்களைக் கும்பல் தாக்கியது. சில நாட்களில் கலகம் கல்லோயா குடியேற்றப் பகுதிக்குப் பரவி, பல உயிர்களைக் கொண்டது. தமிழர் தங்கள் தாயகமெனக் கருதிய கிழக்கு மாகாணத்தில் அரசாங்கம் சிங்களரைக் குடியேற்றிய இடம் அது. மொழி வழக்கின் அடியில் நில வழக்கும் இருந்தது.

எல்லை வழக்கு நமக்கும் புதிதன்று. அதே 1956 நவம்பர் 1-இல், மலபார் ஜில்லாவிலிருந்த பாலக்காடு கேரளத்தைச் சேர்ந்தது. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு இணைக்க நடந்த கிளர்ச்சி நிறைவேறவில்லை; அக்கிளர்ச்சியின்போது, 1954-இல், தென் திருவிதாங்கூரில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஆயினும் அவ்வழக்கில் எந்தத் தெய்வத்தையும் எவரும் சாட்சிக்கு அழைக்கவில்லை. அதனால் மனங்கள் ஆறுதற்கு இடமிருந்தது.

தாம் மூட்டிய தீயைப் பண்டாரநாயகா விரைவில் உணர்ந்தார். 1957 ஜூலை 26-இல் தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு உடன்படிக்கை செய்தார். பிரதேச சபைகள் அமையும், குடியேற்றத்தில் அவற்றுக்கு அதிகாரம் இருக்கும், தமிழுக்கும் இடம் உண்டு என்பன அதன் சாரம். 1926-இல் அவர் கண்ட மருந்தின் ஒரு பங்கு இதில் இருந்தது. நூலாலையில் வேலை செய்தவர்கள் அறிவர்: இழை அறுந்தால் அப்போதே இணைத்துவிட வேண்டும். அவரும் இணைக்கவே முற்பட்டார். ஆனால் எதிர்க்கட்சி கண்டிக்கு யாத்திரை கிளப்பிற்று. 1958 ஏப்ரல் 9-இல் பிக்குகள் அவர் வீட்டின் முன் அமர்ந்து, உடன்படிக்கையைக் கைவிட்டதாக எழுதித் தரும்படி கேட்டனர். அவரும் எழுதிக் கொடுத்தார்.

மறு மாதமே விளைவு கண்டோம். ரயில்கள் தாக்கப்பட்டன. பொலன்னறுவையில் அரசாங்கப் பண்ணையின் தமிழ்க் கூலிகள் கரும்புத் தோட்டத்திலேயே வெட்டுண்டனர். பாணந்துறையில் ஒரு கோயில் அர்ச்சகர் உயிரோடு கொளுத்தப்பட்டார். வடக்கிலும் கிழக்கிலும் சிங்களர் தாக்கப்பட்டனர். கலகம் மூண்டு சில நாட்கள் கடந்து மே 27-இல்தான் அவசரநிலை பிறந்தது. கொழும்பு முகாம்களில் அடைக்கலம் புகுந்த ஆயிரக்கணக்கான தமிழர் கப்பல்களில் யாழ்ப்பாணம் அனுப்பப்பட்டனர். மாண்டவர்களில் எவரும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர் அல்லர், கிழித்தவரும் அல்லர். தமிழ் அயலாரைத் தம் வீட்டில் ஒளித்துக் காத்த சிங்களரும் பலர் என்பதை மறக்கலாகாது. அவர்களே அன்று சீலம் காத்த பௌத்தர்கள்.

1959 செப்டம்பர் 25-இல் பண்டாரநாயகாவின் வீட்டுக்கு மனுக் கொடுப்பவர்போல் ஒரு பிக்கு வந்தார். பிரதமர் சீவர உடைக்கு வணக்கம் செலுத்தும் வேளையில் அவர் துப்பாக்கியால் சுட்டார். அவர் பெயர் சோமராமர். ஏவியவர் களனி விகாரையின் தலைவர் புத்தரக்கிதர். 1956 வெற்றிக்குப் பெரிதும் உழைத்தவர். நாடிய வியாபாரச் சலுகைகள் கிட்டாமையால் பகை கொண்டார் என்று வழக்கில் கூறப்பட்டது. அதிகாரத்தின் வாசலுக்குச் சீவரம் அழைக்கப்பட்டபோது, பேராசையும் அதை உடுத்திக்கொண்டு உள்ளே நுழைந்தது.

குண்டடிபட்டுக் கிடந்த பிரதமர், தம்மைச் சுட்டவர்மீது கருணை காட்டுமாறும் பழிவாங்காதிருக்குமாறும் மக்களை வேண்டினார். மறுநாள் உயிர் நீத்தார். அவர் வாழ்வில் நாம் மனமார வணங்கத்தக்க செயல் இதுவே.

அவர் காலத்தில் நிறுத்திவைக்கப்பட்டிருந்த மரண தண்டனை அவர் கொலைக்குப்பின் திரும்ப வந்தது. 1962-இல் சோமராமர் தூக்கிலிடப்பட்டார். அதற்குமுன் அவர் கிறிஸ்தவ ஞானஸ்நானம் பெற்றார். பண்டாரநாயகாவின் மனைவியார் ஸ்ரீமாவோ பிரதமராகி, 1964-இல் சாஸ்திரியோடு செய்த ஒப்பந்தத்தால் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்க இசைந்தது. அறுந்த இழை இணைக்கப்படவேயில்லை. 1983 முதல் 2009 வரை நடந்த போரில் தமிழரும் சிங்களரும் முஸ்லிம்களும் எண்ணற்றோர் மாண்டனர். 1987-இல் அறந்தலாவையில் இளம் பிக்குகளைத் தமிழரின் ஆயுதங்களே கொன்றன.

சகோதரர்களே, 1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் கொழும்பு சென்று பஞ்சசீலம் பெற்றது இலங்கைப் பிக்குகளிடமே. அந்நன்றியை நாம் மறக்கவில்லை. நன்றியுடைமை உண்மையை மறைக்கச் சொல்வதுமில்லை. ஆகவே நம்மைக் கேட்போரிடம் இவ்வாறு கூறுவோமாக: அத்தீங்கு எங்கள் தர்மத்தின் பெயரால் நடந்தது, எங்கள் தர்மம் அதற்கு இடம் தரவில்லை, முதற்சீலத்தில் சிங்களர், தமிழர், எல்லைக்கு அப்பால், இப்பால் என்னும் விலக்கு ஒன்றும் இல்லை. இதனை நம் பிள்ளைகளுக்கும் ஞாயிறு வகுப்பில் மறைக்காமல் கற்பிப்பது நம் கடமையாகும்.