எல்லாப்பிரகடா சுப்பாராவ்

எல்லாப்பிரகடா சுப்பாராவ் (ஜனவரி 12, 1895 - ஆகஸ்ட் 1948) ஓர் இந்திய உயிர்வேதியியலாளர் ஆவார். சென்னையில் மருத்துவம் பயின்ற இவர், பிற்காலத்தை அமெரிக்காவில் கழித்தார். இளமையில் தம்மையும் தம் உடன்பிறந்தாரையும் தாக்கிய குடல்நோயில் உடல் இழக்கும் ஃபோலிக் அமிலத்தை, பின்னாளில் செயற்கையாகத் தயாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கினார்.

இளமையும் நோயும்

சுப்பாராவ் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். வறுமையாலும் குடும்பத்தில் நேர்ந்த இறப்புகளாலும் பள்ளிக்கல்வி தடைப்பட்டது. சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் மூன்றாம் முயற்சியில்தான் மெட்ரிகுலேசன் தேறினார். மாநிலக் கல்லூரியில் பயின்றபின் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியின் அழைப்பையேற்றுக் கதர் அங்கி அணிந்து அறுவை அரங்கிற்குச் சென்றதால் ஆசிரியரின் வெறுப்புக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றே கிடைத்தது.

இவருடைய சகோதரர் இருவர் எட்டு நாள் இடைவெளியில் வெப்பமண்டல ஸ்புரூ எனும் நோயால் இறந்தனர். நாட்டு மருத்துவம் கிராணி என்று குறிப்பிடும் நாட்பட்ட கழிச்சலை ஒத்தது இந்நோய். சுப்பாராவையும் அது தாக்கியது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் உயிர்பிழைத்த அவர், பின்னர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூற்றியல் விரிவுரையாளரானார்.

ஹார்வர்டில்

மாமனாரின் உதவியுடனும் அறக்கட்டளை ஒன்றின் உதவியுடனும் பாஸ்டன் சென்றார். மனைவி இந்தியாவிலேயே தங்கினார்; அதன்பின் இருவரும் சந்திக்கவேயில்லை. மருத்துவமனையில் இரவுப் பணியாளராக வேலை செய்துகொண்டு ஹார்வர்டில் பயின்றார். சைரஸ் ஃபிஸ்க்குடன் இணைந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசை அளவிடும் முறையை 1925 இல் வெளியிட்டார். அதன் துணையால் 1927 இல் பாஸ்போகிரியேட்டினையும், 1929 இல் உயிரணுக்களின் ஆற்றல் நாணயம் எனத்தக்க அடினோசின் டிரைபாஸ்பேட்டையும் இருவரும் கண்டறிந்தனர். ஜெர்மனியின் கார்ல் லோமனும் அதே ஆண்டில் பின்னதைக் கண்டறிந்தார். இத்தனைக்குப் பிறகும் ஹார்வர்டு இவருக்கு நிரந்தரப் பதவி அளிக்கவில்லை. 1940 இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரிலிருந்த லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார்.

ஃபோலிக் அமிலம்

நொதிகள் பலவும் தனித்து இயங்குவதில்லை. அவற்றுக்குத் துணைக்காரணிகள் தேவை. ஃபோலிக் அமிலம் உடலில் டெட்ராஹைட்ரோஃபோலேட்டாக மாறி, ஒற்றைக் கார்பன் தொகுதிகளை நொதிகளுக்கிடையே சுமந்து செல்கிறது. டி.என்.ஏ.வின் கூறான தைமின் உருவாக இது இன்றியமையாதது. துணைக்காரணி குறைந்தால், நொதி இருந்தும் வினை நடவாது. உடலின் இருப்பு சில மாதங்களுக்கே போதும்.

விரைந்து பிரியும் உயிரணுக்களே முதலில் பாதிப்படைகின்றன. எலும்பு மச்சையில் குருதியணுக்கள் முதிராமல் பருத்து நிற்பதால் சோகை உண்டாகிறது. சில நாட்களுக்கொருமுறை புதுப்பிக்கப்படும் குடற்சவ்வும் சீர்கெடுகிறது. ஸ்புரூவின் கொடுமை இங்குதான் உள்ளது: குடல் நலிவதால் ஃபோலேட் உறிஞ்சப்படுவதில்லை, ஃபோலேட் இன்மையால் குடல் மேலும் நலிகிறது. நோய் நீடித்தால் உயிர்ச்சத்து பி12 உம் குறைகிறது. நோயாளி உண்டும் மெலிகிறார்.

1931 இல் லூசி வில்ஸ், பம்பாயின் கருவுற்ற பெண்களிடம் காணப்பட்ட சோகை ஈஸ்ட் சாற்றால் நீங்குவதைக் காட்டியிருந்தார். அச்சாற்றிலிருந்த பொருள் ஃபோலேட்டே எனப் பின்னர் தெளிவாயிற்று. சுப்பாராவின் குழுவினர் 1945 இல் அதைச் செயற்கையாகத் தயாரித்தனர். விரைவிலேயே அமெரிக்காவிலும் கியூபாவிலும் ஸ்புரூ நோயாளிகளுக்கு அது பயனளித்தது. எனினும் பி12 குறைபாட்டிற்கு அது மாற்றன்று. சோகை தணிந்தாலும் நரம்புச் சிதைவு தொடரும்.

துணைக்காரணியை வேண்டுமென்றே தடுக்கும் வழியும் இவ்வாய்வகத்தில் பிறந்தது. ஃபோலேட்டின் எதிர்ப்பொருளான அமினோப்டெரினைக் கொண்டு சிட்னி ஃபார்பர், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகத் தணித்து 1948 இல் அறிக்கை வெளியிட்டார். இன்று பயன்படும் மெத்தோட்ரெக்சேட்டும் இவ்வகையினதே.

பிற பணிகளும் இறப்பும்

யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசின் 1947 இல் வெளிவந்தது. இவர் பொறுப்பிலிருந்த ஆய்வகத்தில் பெஞ்சமின் டக்கர் கண்டறிந்த ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் வகையின் முதல் மருந்தாக 1948 இல் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே, இந்தியா திரும்பாமலே, 53 ஆம் அகவையில் சுப்பாராவ் காலமானார்.

1960களின் தொடக்கத்தில் ஸ்புரூ, தென்னிந்தியச் சிற்றூர்களில் கொள்ளைநோயாகப் பரவியது. ஆரணி, தேவிகாபுரம் முதலிய ஊர்களை உள்ளடக்கியிருந்த அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் செல்வின் பேக்கர், வி. ஐ. மாத்தன் முதலியோர் அதை ஆராய்ந்தனர். குடல் தொற்றைத் தொடர்ந்து வருவதாகக் கருதப்படும் இந்நோய்க்கு ஒற்றைக் கிருமி காரணமென நிறுவப்படவில்லை. ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும் சேர்த்து, தேவைக்கேற்பப் பி12 உடன் அளிப்பதே இதற்கான வழக்கமான சிகிச்சை. முதலிரண்டும் சுப்பாராவின் ஆய்வகத்தோடு தொடர்புடையவை என்பது நோக்கத்தக்கது.

சுப்பாரோமைசெஸ் எனும் பூஞ்சைப் பேரினம் 1953 இல் இவர் பெயரால் வழங்கப்பட்டது. நூற்றாண்டையொட்டி 1995 இல் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது.